பாதைக்காரர் அபூதாஹிரின் நோன்பும் சிறுநீரகமும்

கிண்ணியாவில் அபூதாஹிரைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் ஒருநாளும் ஆறு கடந்தவராக இருக்கமாட்டார். குறுக்கே கட்டிய கம்பிக்கயிற்றைப் பிடித்திழுத்து மிதவையை அக்கரை சேர்ப்பது அபூதாஹிரின் தொழில். அந்த மிதவையை ஊரில் பாதை என்பார்கள். அதில் வண்டில் ஏறும், சைக்கிள் ஏறும், மீன்கூடை ஏறும், சில நாள் கல்யாண மாப்பிள்ளையும் ஏறுவார். இழுக்கிற கைகள் பல. சத்தம் மட்டும் அபூதாஹிருடையது.

அந்தச் சத்தத்தில் பாதி நோன்பைப் பற்றியது. மீசை அரும்பிய வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை என்பதை அவரிடம் யாரும் கேட்கத் தேவையில்லை, அவரே சொல்லிவிடுவார். கச்சான் காற்று முகத்தைப் பொசுக்கும் மாதத்தில் நோன்பு வந்தாலும் கயிற்றை விடமாட்டார். பின்நேரமானால் தமக்குச் சலம், அதாவது சிறுநீர், தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் போகும் என்பதையும், பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பாராமல் ஒரு பட்டயம் போலச் சொல்லுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி மைமூனா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். நல்ல மனிதர்தான். தன் நல்லதனத்தைத் தானே தம்பட்டமடித்துத் திரிகிற நல்ல மனிதர்.

எழுபத்தாறாம் ஆண்டு நோன்புக்குச் சற்று முன்னால், கம்பிக்கயிற்றில் பிரிந்து நின்ற ஒரு முறுக்கு அவருடைய வலது உள்ளங்கையில் ஆழமாக ஏறியது. அபூதாஹிர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையை ஆற்றுத் தண்ணீரில் அலசி, துணியைச் சுற்றிக்கொண்டு பாதையை இழுத்தார். சேறும் உப்பும் கலந்த அந்தத் தண்ணீரில் என்னென்ன உயிர்கள் இருந்தனவோ, அவை காயத்துக்குள் குடிபுகுந்தன. பக்கத்து டிஸ்பென்சரியில் பென்சிலின் போட்டார்கள், அது எடுபடவில்லை. கை முழங்கை வரை வீங்கி, குளிர் நடுக்கத்தில் கட்டில் ஆடத் தொடங்கியதும், கூட இழுக்கிற பக்கீரும் மைமூனாவும் அவரை ஆற்றுக்கு அக்கரைப்படுத்தி நகரத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கு மட்டும் அபூதாஹிர் பாதையில் வாய் திறக்காமல் கிடந்தார்.

வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் சோமசேகரம் கையைக் கீறிச் சீழை வெளியேற்றினார். பிறகு ஜென்டாமைசின் என்ற ஊசியை எழுதினார். அது நாட்டுக்கு வந்து அதிக காலமாகாத மருந்து, பென்சிலினுக்கு மசியாத கிருமிகளுக்குப் பெயர்போனது. எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தாதி மிஸ்ஸி வந்து இடுப்பில் குத்திவிட்டுப் போவாள். மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் இறங்கியது, வீக்கம் வற்றியது. விரல்களை மடக்கிப் பார்த்த அபூதாஹிருக்குக் குரலும் திரும்பி வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த, சல்லி என்ற ஊர் மீனவர் பாலசிங்கம் அதற்குப் பிறகு பகலில் கண்ணயரவில்லை.

இந்த மருந்து செய்கிற வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. கிருமியை அது அடித்துக் கொல்வதில்லை. கிருமிக்குள்ளே புகுந்து, அது தனக்கு வேண்டிய புரதங்களைக் கோத்துச் செய்கிற பட்டறையில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே கட்டளையை வாசிக்கிற இடத்தில் ஒரு தடுமாற்றத்தை உண்டாக்குகிறது. கிருமி பிழையாக வாசிக்கிறது, பிழையான சரக்கைச் செய்கிறது, அந்தச் சரக்கையே தன் மேற்தோலிலும் வைத்துக் கட்டுகிறது. தோல் ஒழுகுகிறது. ஒழுகின வழியால் மருந்து இன்னும் கூடுதலாக உள்ளே வருகிறது. கடைசியில் தன் கையாலேயே தன்னைக் கெடுத்துக்கொண்டு அது சாகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பருமனான மனிதர் புரண்டு படுப்பதற்குள், அவர் உள்ளங்கைக்குள் இவ்வளவும் கோடிக்கணக்கில் நடந்து முடிகிறது.

மருந்தை உடம்பு உடைப்பதில்லை என்பதும் ஒரு புதுமைதான். எத்தனையோ மருந்துகளை ஈரல் அரைத்துப் பொடியாக்கிவிடும். இது உள்ளே போன உருவத்திலேயே சுற்றிவந்து, சிறுநீரகத்தின் வழியாக அப்படியே வெளியே போகவேண்டும். வேறு வாசல் அதற்கு இல்லை. அபூதாஹிருக்கு வந்த வினையும் அந்த வாசலில்தான் காத்திருந்தது.

கை ஆறிக்கொண்டு வந்தாலும், நரம்போடு ஒட்டிய இடத்தில் சீழ் மிச்சமிருக்கும் என்று பயந்த டொக்டர் ஊசியை இன்னும் கொஞ்ச நாளைக்கு நீட்டினார். அந்த நேரம் பார்த்து நோன்புத் தலைப்பிறை தெரிந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, சுகம் வந்த பிறகு களாச் செய்து அடைத்துக்கொள்ளலாம் என்பது கிண்ணியாவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அபூதாஹிருக்கும் தெரியும். ஆனால் மீசை அரும்பிய காலத்திலிருந்து கட்டி வைத்த பெயரை ஒரு கம்பி முறுக்குக்காக விட அவருக்கு மனம் வரவில்லை. அவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்று ஊர் மௌலவியிடம் கேட்டுவரும்படி பக்கீரை அனுப்பினார். யாருக்கு ஊசி, என்ன வருத்தம் என்று சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். சத்து ஏற்றுகிற ஊசி இல்லையென்றால் முறியாது என்று, தம்மிடம் கேட்டதற்கு மௌலவி பதில் சொன்னார். கேட்காததற்கு அவர் எப்படிப் பதில் சொல்லுவார்? அபூதாஹிருக்கு அந்தப் பாதிப் பதில் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் ஒரு திருட்டு நோன்பு நடந்தது. மைமூனா பின்நேரம் வரும்போது கஞ்சியும் விடியுமுன் உண்கிற சஹருக்கான சோற்றுப் பொட்டலமும் கொண்டுவருவாள். பகலில் வருகிற பாணும் பருப்பும் பாலசிங்கத்துக்குப் போயின. கால் முறிந்து வந்த மனிதர் கன்னம் உப்பத் தொடங்கினார். மேசையில் மிஸ்ஸி வைத்த கொதித்தாறிய தண்ணீர் யன்னலுக்கு வெளியே நின்ற செவ்வரத்தைச் செடிக்குப் போனது. வேண்டாம் என்று மைமூனா இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்தாள். அவருடைய குரலுக்கு முன் யாருடைய குரல் எடுபட்டது? அவள் கஞ்சி வாளியைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஒரு கிழமை போனது. அப்போது அபூதாஹிர் ஓர் அதிசயத்தைக் கண்டார். நோன்போடு பின்நேரம் வரை கிடந்தும், கச்சான் யன்னலால் வந்து நாக்கை உலர்த்தியும், அவருக்குச் சலம் இளநீர் போலத் தெளிவாகப் போனது. அதுவும் நிறையப் போனது. மிஸ்ஸி அளக்கிற போத்தல் நிறைந்து வழிந்தது. இத்தனை வருட நோன்பில் ஒருநாளும் காணாத காட்சி. தாகம் உயிரைப் பிடுங்கியது உண்மை, ஆனால் தாகத்துக்குக் கூலி உண்டு என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வருத்தத்திலும் நோன்பை விடாத அடியானுக்கு அல்லாஹ் காட்டுகிற பறக்கத் இது என்று மைமூனாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. மைமூனாவும் நம்பினாள், பாவம்.

டொக்டரும் அந்தப் போத்தலைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தார். இந்த மருந்து சிறுநீரகத்தைத் தீண்டும் என்று அவருக்குத் தெரியும். சிறுநீரகம் பழுதானால் சலம் குறையும் என்பது எல்லோருக்கும் பழகின கணக்கு. இங்கே சலம் தாராளமாகப் போகிறது, நிறமும் தெளிவு. ஆள் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் நோன்பு திறக்கிற நேரம் அபூதாஹிர் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார், கஞ்சியில் ஒரு மிடறு குடித்தார், அவ்வளவையும் கக்கிவிட்டார். மறுநாளும் அப்படியே. முகம் ஊதிக் கண்கீழ் தடித்தது, பேச்சு குறைந்தது. அவர் பேச்சு குறைந்ததுதான் பாலசிங்கத்தைப் பயமுறுத்தியது. அவர் மிஸ்ஸியைக் கூப்பிட்டு இந்த மனிசனுக்கு ஏதோ சரியில்லை என்று சொன்னார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யூரியா என்ற கழிவு இருக்கவேண்டிய அளவைப் பல மடங்கு தாண்டி நின்றது.

சோமசேகரம் வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். ஊசியை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. ஆனால் இவ்வளவு சலம் போகிறவரின் உடம்பில் இவ்வளவு கழிவு எப்படித் தேங்கியது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. மேசையிலிருந்த தண்ணீரைக் கிளாசில் வார்த்து நீட்டினார்.

"இதை என்ர முன்னாலை குடியுங்கோ, அபூதாஹிர்."

மைமூனா நிலத்தைப் பார்த்தாள். பாலசிங்கம் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். குடித்தால் நோன்பு போய்விடும். ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம், ஆனால் நோன்போடு பொய் சொன்னால் அந்த நோன்பில் என்ன மிச்சம்? அபூதாஹிர் அந்த விஷயத்தில் நேர்மையானவர்.

"ஏலா டொக்டர். நான் நோன்பு."

எவ்வளவு நாளாக என்று டொக்டர் கேட்டார். தலைப்பிறை கண்டதிலிருந்து என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, போத்தலைப் பாருங்கள், பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இவ்வளவு தெளிவாகப் போகிறது, இது அல்லாஹ்வின் அருள் என்றும் சொன்னார்.

 சோமசேகரம் எழுந்துபோய்ப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சலத்தின் கனத்தை அளக்கிற சிறிய கண்ணாடி மிதப்பு ஒன்று அவரிடம் இருந்தது. அதை இட்டதும் வெறும் தண்ணீரில் அமிழ்வது போல ஆழ அமிழ்ந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத மனிதரின் சலம் அது. திரும்பி வந்தவர் கோபப்படவில்லை. கோபப்படுவார் என்று காத்திருந்த மைமூனாவுக்கு அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

"அது அருள் இல்லை, அபூதாஹிர். உங்கட சிறுநீரகம் தண்ணியைப் பிடிச்சு வைக்க ஏலாமல் கையை விட்டிட்டுது. நானும் அளவைப் பார்த்து ஏமாந்துபோனன்."

பிறகு அவர் விளக்கினார்.  சிறுநீரகம் இரத்தத்திலிருந்து அழுக்கை மட்டும் பொறுக்கி எடுத்து எறிகிறது என்றுதான் அபூதாஹிர் நினைத்திருந்தார். அப்படியில்லையாம். அது முதலில் தண்ணீர், உப்பு, சீனி என்று எல்லாவற்றையும் வடித்து வெளியே இறக்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லீட்டர் அளவில். பிறகு நூலிலும் மெல்லிய இலட்சக்கணக்கான குழாய்கள், வேண்டியதை எல்லாம் திரும்ப உறிஞ்சி எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சிய ஒன்றரை லீட்டர்தான் சலம். பாதையில் வந்த அத்தனை பேரையும் கரையில் இறக்கிவிட்டு, வேண்டியவர்களைக் கையைப் பிடித்துத் திரும்ப ஏற்றுவது போல என்று அபூதாஹிர் தனக்குள் விளங்கிக்கொண்டார். அவருக்கு விளங்கியது சரிதான்.

அந்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கிற கலங்கள்தான் கைபிடித்து ஏற்றுகிறவை. வெளியே போகிற வழியில் இந்த மருந்தையும் அவை பிடித்து ஏற்றிவிட்டன. பிடித்ததை அரைக்கவும் தெரியாமல், விடவும் தெரியாமல், ஊசிக்கு ஊசி சேர்த்து வைத்துக்கொண்டன. கடைசியில் உள்ளிருந்தே வெடித்துச் செத்து உதிர்ந்தன. தண்ணீர் குறைந்த உடம்பில் இது இன்னும் கடுமையாக நடக்கும். செவ்வரத்தைக்குப் போன தண்ணீர் அந்தக் குழாய்களுக்குப் போயிருக்கவேண்டிய தண்ணீர்.

டொக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவருடைய இரண்டு காதருகிலும் மாறி மாறிப் பிடித்தார். டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். கேட்டது. டொக்டர் ஒரு கவலை குறைந்தவராகக் கடிகாரத்தைத் திரும்பக் கட்டினார். இந்த மருந்து உட்காதின் மயிரிழைக் கலங்களையும் கொல்லும், அவை ஒருதரம் செத்தால் மனித ஆயுளில் திரும்ப முளைக்காது என்றார்.

"அப்ப கிட்னிக்குள்ள செத்தது?" மைமூனாதான் கேட்டாள். 

"அது முளைக்கும் தங்கச்சி. தப்பினது கொஞ்சம் மிச்சமிருந்தால், அதுகள் பெருகிப் பரவி வெறும் இடத்தை மூடும். மிச்சமிருக்குதோ எண்டுதான் எனக்குத் தெரியாது."

மிச்சமில்லையென்றால் என்ன என்று மைமூனா கேட்கவில்லை. இரத்தத்தைக் கழுவுகிற இயந்திரம் அந்த மாவட்டத்தில் இல்லை. கொழும்புக்கு அனுப்பினாலும் இந்த மனிதருக்கு இடம் கிடைக்குமா, போகும் வரை தாங்குவாரா என்பதெல்லாம் டொக்டரின் முகத்திலேயே இருந்தது. போகிற சலத்தின் அளவுக்குத் தண்ணீரை உள்ளே கொடுப்பது, உப்பைப் பார்த்துக்கொள்வது, காத்திருப்பது. வேறு வைத்தியம் இல்லை.

செய்தி ஆறு கடந்து போனது. மௌலவி தாமே புறப்பட்டு வந்தார். தம்மிடம் அரைக்கேள்வி கேட்டு அரைப் பதில் வாங்கியதற்காக அபூதாஹிரை நன்றாகவே ஏசினார். நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையைத் தள்ளிவிட்டு எந்தக் கணக்கில் நன்மை எழுதப் பார்த்தீர் என்று கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுகம் வேண்டித் துஆச் செய்தார். அபூதாஹிர் அன்றைக்கு ரமழான் பகலில், வாட்டில் எல்லோரும் பார்க்க, பாலசிங்கம் பிடித்த கிளாசிலிருந்து தண்ணீர் குடித்தார். வெட்கத்தோடேயே முழுவதையும் குடித்தார்.

யூரியா ஏறிக்கொண்டே போனது. அவர் நாளில் பெரும்பகுதி மயங்கிக் கிடந்தார். உடம்பெல்லாம் அரித்தது. விழித்திருக்கிற வேளையில் இடது கையை இடுப்புக்கு மேலே வைத்து, உள்ளே ஏதாவது நடக்கிறதா என்று கேட்பவர் போலக் கிடப்பார். பெருநாளும் அப்படியே வந்து போனது. மைமூனா புதுச்சேலை உடுக்கவில்லை.

பெருநாள் கழிந்த அடுத்த கிழமை எடுத்த இரத்தத்தில் யூரியா ஏறாமல் நின்றது. அதற்கடுத்ததில் இறங்கியிருந்தது. சோமசேகரம் அந்தப் பரிசோதனைத் துண்டை இரண்டு தரம் வாசித்தார். யாருடைய கையும் படாத இருட்டில், தப்பிய சில கலங்கள் அக்கம்பக்கம் பார்த்து, வெறிச்சோடிய சுவரில் படர்ந்து, பிரிந்து பெருகி, செத்தவற்றின் இடத்தில் நின்று அதே வேலையைத் தொடங்கிவிட்டன. யாரும் சொல்லிக் கொடுக்காமல் எதை ஏற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. மருந்து தந்தது மனிதன். இதைச் செய்தது மனிதன் அல்ல. டொக்டர் தாமே போய் மைமூனாவிடம் செய்தியைச் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். கழிவை அகற்றுகிற வேலை முதலில் திரும்பும், தண்ணீரைப் பிடித்து வைக்கிற வேலை கடைசியில்தான் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகும். அது திரும்பும் வரை நோன்பு கூடாது. திரும்பாவிட்டால் இனி ஆயுளுக்கும் கூடாது. அபூதாஹிர் கயிற்றுக்குத் திரும்பினார், கை பழையபடி வேலை செய்தது. ஆனால் போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் நேரத்துக்கு நேரம் குடித்தார். ஆட்கள் எதையாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். சாவுக்குத் தப்பியவருக்கு இனி நோன்பில்லாத வாழ்வா என்ற ஒரே நினைப்பு அவரைத் தின்றது என்று மைமூனா பக்கீரிடம் சொல்லி அழுதாள்.

அடுத்த நோன்பு நெருங்கிய சமயம் சோமசேகரம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் இருந்து, மறுநாள் அப்படியே வாருங்கள், பார்ப்போம் என்றார். நோன்பு வேண்டாம் என்ற டொக்டரே தண்ணீரை நிறுத்தச் சொல்லுகிறார் என்று பக்கீர் சிரித்தார். அபூதாஹிருக்குச் சிரிப்பு வரவில்லை. உலர்ந்த உதட்டோடு மைமூனாவுடன் போய், கண்ணாடிக் குவளையில் சலத்தைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் மிதப்பை இட்டார். அது அமிழப் போனது, பிறகு எழும்பியது. கழுத்துவரை எழும்பி நின்றது. சலம் கடும் மஞ்சளாக இருந்தது.

"பிடிச்சிட்டுது. ஒரு சொட்டையும் வீணாக விடாமல் பிடிச்சிருக்குது. நோன்பு வையுங்கோ."

அபூதாஹிர் குனிந்து அந்தக் குவளையை வெகுநேரம் பார்த்தார். வெயிலில் கயிறு இழுத்த அத்தனை வருடங்களும் அவருக்கு நினைவில் வந்திருக்க வேண்டும். தாம் வாயைக் கட்டி நின்றதைத்தான் அவர் நோன்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த நேரமெல்லாம் இடுப்புக்குள் கைமுட்டி அளவான இரண்டு சிறுநீரகங்கள், பெயரும் புகழும் கேளாமல், துளித் துளியாகத் தண்ணீரைத் திருப்பி அவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தன. அவை ஒரு பகல் கையை விட்டிருந்தால் அவர் முதல் நோன்பிலேயே விழுந்திருப்பார்.

"அப்ப இவ்வளவு காலமும் நோன்பு புடிச்சது நானில்ல டொக்டர்," என்றார்.

 மிஸ்ஸி ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அபூதாஹிர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கதிரையில் இருந்து, பிஸ்மில்லாஹ் சொன்னார். அவ்வளவு மெதுவான குரல் அவருக்கு உண்டென்று மைமூனாவுக்கு அதுவரை தெரியாது. குடித்து முடித்தவர் இன்னொரு கிளாஸ் கேட்டார்.